விடுப்பில் இருந்தவருக்கு எழுதிய கடிதங்கள்

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கையால் வரைகிற பிரிவை மூடிவிட்டு, இனி வரைபடமெல்லாம் பெங்களூரில் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்வது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மேலாளர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு, தலைக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்து, தீபாவளியோடு சரி என்றார். அந்தத் தொழிற்சாலையில் மேலாளர் காபி வாங்கிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. காபி நன்றாக இருந்தது என்பதைக் கூச்சத்தோடு சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பென்சில், டி-ஸ்கொயர், ட்ரேசிங் தாள் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை. மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளம் வீட்டு வாடகையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். தீபாவளிக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் சொந்த ஊரான ஹனூருக்குத் திரும்பிப்போய் அண்ணன் வீட்டில் நிற்க வேண்டும். அண்ணன் ட்ராக்டர் வாங்கியதிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். 'பென்சில்காரன்' என்றுதான் சொல்வார். அவர் வீட்டுச் சாப்பாட்டை உட்கார்ந்து தின்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயந்தேன். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் பிரிவில் எல்லோரும் வேலை தேடினோம் என்று நினைத்தால் அது தப்பு. நாங்கள் முகவரி சேர்த்தோம். இனிமேல் பேப்பர் விளம்பரம், எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஆகாது, ஈமெயில்தான், யாருக்கு 'காண்டாக்ட்' அதிகமோ அவன்தான் பிழைப்பான் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதுவரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மில்லிமீட்டருக்குச் சண்டை போட்ட ஆட்கள், திடீரென்று கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்களிடம் போய் 'உங்க ஈமெயில் என்னங்க' என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா துபாயில் இருந்தால் அன்றைக்கு அந்த மனிதர் சாப்பிட்ட மாதிரிதான்.

என் பக்கத்து மேஜைக்காரர் மேல்கோட்டை ஐயங்கார். வீட்டில் பேசுகிற பழைய தமிழை மேஜைக்கும் கொண்டுவருவார். தினமும் காலையில் வந்ததும் வராததுமாக, "என்ன ஓய், நேத்து ராத்திரியோட நான் உம்மைத் தாண்டிட்டேன், தெரியுமோ?" என்பார். எண்ணிக்கையில் தாண்டிவிட்டாராம். உடனே எனக்குச் சுருக்கென்று ஏறும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சைக்கிளை நேராக சரஸ்வதிபுரத்து சைபர் கஃபேக்கு மிதிப்பேன்.

அந்தக் கடை டயர் ரிப்பேர் கடைக்கும், நின்றபடியே சாப்பிடுகிற ஒரு தர்ஷினி ஓட்டலுக்கும் நடுவே இருந்தது. உள்ளே கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. மழை வந்தால் போன் லைன் செத்துவிடும். கடைக்காரர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துத் திட்டுவார். அவர் கன்னடக்காரர். டயர் கடைத் தமிழர்களோடு பழகிப் பழகி ஒரு தமிழ் வைத்திருந்தார். எனக்கு ஈமெயில் கணக்கு திறந்து கொடுத்தது அவர்தான். எனக்குத் தட்டச்சு வராதென்பதால் கடிதத்தை அடித்துக் கொடுப்பதும் அவர்தான். பதில் வந்தால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று அச்செடுத்து மடித்துக் கொடுப்பார். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் என்றால் அந்தத் துளை போட்ட தாள்தான். திரையில் படித்ததைப் படித்ததாகவே நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"சார், ஒருத்தருக்கு ஒருத்தருக்கு எழுதினா எப்போ முடியறது?" என்று அவர் ஒருநாள் மேஜை டிராயரிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தார். "இதுல எல்லா கம்பெனி மேனேஜருங்க அட்ரஸும் இருக்கு. ஒரே லெட்டர், எல்லாருக்கும். நூறு பேர்ல பத்து பேராவது சிக்குவாங்க விடுங்க சார்."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. 'மதிப்பிற்குரிய ஐயா, நான் நீண்ட அனுபவம் உள்ள வரைபடக்காரன்' என்று ஒரு கடிதம். மேலே 'பெறுநர்' என்ற இடத்தில் அத்தனை முகவரிகளும் வரிசையாக. மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போகிற மாதிரி எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி அனுப்பினேன். அப்படி அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெருமையாகத்தான் நினைத்திருப்பேன். மறுநாள் ஐயங்காரிடம் என் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, வேலையே கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அப்புறம் பதில்கள் வந்தன. ஒருவர் தன் முகவரியை எடுத்துவிடும்படி எழுதியிருந்தார். இன்னொருவர் அதையே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். ஹைதராபாத்தில் ஒருவர் எனக்கும் என்னோடு சேர்த்து அந்த வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னுடைய கம்பெனி வாட்டர் ஹீட்டரை விற்கப் பார்த்தார். வேலை என்று ஒரு வார்த்தை யாரும் எழுதவில்லை.

அந்தக் குப்பையில்தான் சேலத்திலிருந்து அந்த ஒரு கடிதம் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவின் தலைவர். ஆங்கிலத்தில், அளவாக, மரியாதையாக எழுதியிருந்தார். 'தங்கள் கடிதத்துக்கு நன்றி. நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன். திரும்பி வந்ததும் தங்கள் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் எழுதுவேன்.'

தாளை மனைவியிடம் கொடுத்தேன். அவள் சமையல்கட்டிலேயே நின்று படித்தாள். அவள் பிறந்து வளர்ந்தது மைசூர் அக்ரஹாரத்தில். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒன்றாகவே வரும்; 'ஏங்க' என்பதற்குக்கூட கன்னட 'ரீ'தான்.

"ரீ, எத்தனை பெரிய மனுஷர் பாருங்க. லீவுல இருக்கறப்பவும் உங்களுக்கு உடனே பதில் போட்டிருக்காரே. பாவம், என்ன கஷ்டமோ என்னமோ."

"நான் அனுப்பின அடுத்த நிமிசமே வந்துருச்சாமா. கடைக்காரரு சொன்னாரு," என்றேன், என்னவோ அது என் சாமர்த்தியம் போல.

"நாம சும்னே இருக்கறது சரியில்லை. பதில் போடணும்."

போட்டோம். நான் சொல்லச் சொல்ல அவள் நோட்டுத்தாளில் ஆங்கிலத்தில் எழுதினாள். 'விடுப்பிலும் தாங்கள் காட்டிய அன்புக்கு நன்றி' என்று முடித்திருந்தேன். அவள் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: 'தங்கள் விடுப்பு வீட்டில் கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்காக இருக்கும் என்று நம்புகிறோம்.' கடைக்காரர் அதை அடித்து அனுப்பினார். நான் காசு கொடுத்துவிட்டு எழுந்திருப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதே நன்றி, அதே விடுப்பு, அதே வாக்கு.

வார்த்தைகள் ஒன்று போலவே இருந்ததைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தேன். எங்கள் மேலாளர் லீவு கேட்டாலும், பிரமோஷன் கேட்டாலும், மேஜைக்கு மேல் ஒழுகுகிறது என்றாலும் 'நோடோணா' என்ற ஒரே சொல்லால் வேலையை முடித்துவிடுவார். பார்க்கலாம் என்று அர்த்தம். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு வார்த்தை குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கு அவரை வைத்துப் பழக்கம். அவரோடு ஒப்பிட்டால் சேலத்துக்காரர் வாயாடி.

அப்படி ஆரம்பித்தது வளர்ந்தது. மற்றவர்களுக்கெல்லாம் வாராவாரம் அதே பொதுக் கடிதம். சேலத்துக்காரருக்கு மட்டும் தனியாக. பள்ளியிலிருந்து வந்ததும் மனைவி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சாமுண்டி மலையில் மழை இறங்கியதை எழுதினோம். தசராவுக்கு அரண்மனை விளக்குப் போட்டதை எழுதினோம். கூட்டத்தில் என் செருப்பு ஒன்று தொலைந்து மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்ததையும் அவள் விடவில்லை. 'உப்பு அதிகம் சேர்ப்பீர்களா? சேர்க்காதீர்கள்' என்று ஒரு கடிதம். 'நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?' என்று இன்னொன்று. 'மைசூருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். இங்கே கத்திரிக்காய் பிரசித்தம், வாங்கி பாத் செய்து வைக்கிறேன். கத்திரிக்காய் சாப்பிடுவீர்கள்தானே?' என்று வேறொன்று. எல்லாவற்றுக்கும் அவர் நன்றி சொன்னார். திரும்பி வந்ததும் கட்டாயம் பதில் எழுதுவேன் என்றார்.

என் பயத்தையும் அவருக்குத்தான் எழுதினேன். அண்ணன், ட்ராக்டர், பென்சில்காரன் எல்லாவற்றையும். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. மனைவி அதை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான், எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

தீபாவளி நெருங்கியது. ஐயங்காருக்கும் ஒன்றும் அமையவில்லை; ஆனால் எண்ணிக்கையில் அவர் மறுபடியும் முன்னால் போயிருந்தார். சேலத்துக்காரர் மட்டும் இன்னும் விடுப்பில். மனைவிக்குக் கவலை வந்துவிட்டது. "இத்தனை நாள் லீவுன்னா கல்யாணம் இல்லைங்க. உடம்பு சரியில்லை போல. நேராவே கேட்டுடலாம்," என்றாள். 'தங்களுக்கு உடல்நலம் சரியில்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்' என்று எழுதினோம்.

நன்றி, விடுப்பு, திரும்பி வந்ததும் கட்டாயம்.

எனக்கு வந்ததே கோபம். நான் பொதுவாகவே கொஞ்சம் முன்கோபி; அந்த வாரம் என் மேஜையை வேறு அளந்துகொண்டு போயிருந்தார்கள், யாருக்கோ விற்பதற்காக. வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே நின்று, கடைக்காரரைத் தமிழில் அடிக்கச் சொல்லி, ஆங்கில எழுத்தில் தமிழைக் கொட்டினேன். ஒரு பெண்பிள்ளை இத்தனை அக்கறையாக விசாரிக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள், நீங்கள் மனுஷனா கல்லா? கடைக்காரர் சத்தமில்லாமல் அடித்தார். அனுப்பினார். உடனே பதில் வந்தது. தங்கள் கடிதத்துக்கு நன்றி.

"பாத்தீங்களா! திட்டினாலும் நன்றிங்கறான்!" என்று கத்தினேன்.

கடைக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சார், பேஜாரு பண்ணிக்காதீங்க. அது மனுஷர் இல்லை சார், மெஷினு. லீவு போறப்போ அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு லெட்டர் வெச்சுட்டுப் போவாங்க. யார் எழுதினாலும் அதே போய்ட்டே இருக்கும். உங்க லெட்டரை இன்னும் யாரும் ஓதவே இல்லை சார்."

ஓதுவது என்றால் கன்னடத்தில் படிப்பது. நான் அந்தத் துளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும் சார்."

"அப்ப ஏனுங்க சொல்லலை?"

"எப்படி சார் சொல்றது? நீங்க ரெண்டு பேரும் அத்தனை குஷியா இருந்தீங்க," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தச் செருப்பு லெட்டர் நல்லா இருந்துது சார்," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரித்துவிட்டால் அவமானம் தீரும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அவருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாது, இல்லையா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. செருப்பைத் தேடுவது போல வாசலுக்குப் போய்விட்டேன்.

பிரிவை மூடினார்கள். மேலாளர் மறுபடியும் காபி வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை மைசூர் பாகும் சேர்த்து. ஐயங்கார் தன் டி-ஸ்கொயரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "உம்ம காண்டாக்ட்டு, என்னோட காண்டாக்ட்டு, ரெண்டையும் சேர்த்தா ஒரு பஸ் டிக்கெட்டுக்குக் கூட ஆகாது ஓய்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

தீபாவளி முடிந்து ஹனூருக்குக் கிளம்ப பையை எடுத்து வைத்திருந்தேன். மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் நின்ற சத்தம். சைபர் கஃபேக்காரர். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் மடிக்காத தாள்.

"சார், மனுஷர்! மனுஷர் எழுதியிருக்கார் சார்!"

மனைவி என் கையிலிருந்து பிடுங்கி உரக்கப் படித்தாள். கடைக்காரர் போகவில்லை. அவருக்கும் தெரிய வேண்டுமே.

சேலத்துக்காரர் எழுதியிருந்தது இதுதான். 'தங்கள் கடைசிக் கடிதத்தில் நான் மனுஷனா கல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். மனுஷன்தான். நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்துத் தைத்திருக்கிறார்கள். கல்லாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள். இன்றுதான் அலுவலகம் வந்து பெட்டியைத் திறந்தேன். குவிந்து கிடந்த கடிதங்களில் எல்லோரும் எப்போது கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டது நீங்கள் இருவர்தான். காலையிலிருந்து உங்கள் கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். செருப்பு கிடைத்ததா?'

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். மைசூரிலேயே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அவரோடு படித்த ஒருவர் பட்டறை வைத்திருக்கிறாராம். உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து வரைந்து தர ஆள் வேண்டுமாம். 'அவரிடம் போனில் பேசிவிட்டேன். நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.'

கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதற்கு வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. 'நான் விடுப்பில் இருந்தபோது என் பதவியையும் எடுத்துவிட்டார்கள். மேஜையைக் காலி செய்யத்தான் இன்று வந்தேன். உங்கள் முதல் கடிதத்தின் தலையில் இருந்த முகவரிகளைப் பார்த்தேன். தென்னிந்தியாவில் உங்களுக்குத் தெரியாதவர்களே இல்லை போலிருக்கிறது. என் விவரத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். எங்காவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?'

மறுநாள் ஹெப்பாளுக்குப் போனேன். விலாசத்தைத் தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், எங்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நான் வருஷக்கணக்காகக் காத்து நின்ற அதே பட்டறை வாசல். துபாய்வரை கடிதம் போட்டவன், முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம ஷெட்டு வாசல்ல தெனமும் கடலைத்தோலைப் போட்டுட்டுப் போறவரு நீங்கதானே?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. ஒரு உடைந்த பல்சக்கரத்தைக் கையில் கொடுத்தார். வரைந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "அவன்கிட்ட உங்களப் பத்தி விசாரிச்சேன். எப்படி வரைவாருன்னு கேட்டா, அது தெரியாது, லெட்டர் நல்லா எழுதுவாருங்கறான். நானும் முப்பது வருஷமா பட்டறை நடத்தறேன், லெட்டரப் பாத்து யாரும் எனக்கு டிராஃப்ட்ஸ்மேன் அனுப்பினதில்ல." அந்த லெட்டரில் பாதிக்குமேல் என் மனைவி எழுதியது என்பதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார்.

ஹனூர்ப் பையைப் பிரித்தோம். சந்தோஷப்பட வேண்டிய சாயங்காலம். என்னால் முடியவில்லை. சேலத்துக்காரரின் விவரத்தாள் மேஜைமேல் கிடந்தது. கடைக்குப் போய் என் காண்டாக்ட்டுகளை எல்லாம் திரையில் கொண்டுவரச் சொன்னேன். கடைக்காரர் இறக்கிக்கொண்டே போனார், இறக்கிக்கொண்டே போனார், முகவரிகள் முடியவில்லை. அவற்றில் ஒருவருக்குக்கூட, 'எனக்கு வேண்டப்பட்டவர் ஒருத்தர் இருக்கிறார்' என்று என்னால் எழுத முடியாது. எழுதினால் முகவரியை எடுத்துவிடச் சொல்வார்கள். அன்று எனக்கு வந்த வெட்கம் வேலை போனபோதுகூட வரவில்லை.

"உங்களுக்கு ஒரு முதலாளி தெரியுமே, ரீ," என்றாள் மனைவி. "கடலைத்தோல் முதலாளி."

"இன்னும் வேலைலயே சேரல. அதுக்குள்ள போயி இன்னொருத்தருக்குக் கேக்கறதா?"

"சேலத்துக்காரரு உங்களைப் பார்த்ததே இல்லை. அவரு உங்களுக்காகக் கேக்கலையா?"

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே முதலாளியிடம் போய் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சேலத்துக்காரரின் வேலை போன விஷயத்தைச் சொன்னேன். முதலாளி கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டார். அவருக்குத் தெரியாது. போனில் அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; இருந்த ஒரு போன் பேச்சையும் எனக்காகச் செலவழித்துவிட்டார்.

"மடையன்," என்றார் முதலாளி. யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "சரக்கு வாங்கற தலைவலியை எடுத்துக்க எனக்கு ஒரு ஆள் வேணும்னு அவனுக்குத் தெரியும். வரச் சொல்றேன்."

சேலத்துக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மேட்டூர் வழியாகப் பஸ் பிடித்து, மாநில எல்லையில் பாலாற்றுச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, நான் போய் நிற்கவேண்டியிருந்த ஹனூரைத் தாண்டி. மெலிந்த உடம்பு, தொளதொளவென்று சட்டை, கையில் ஒரு தோல் பை. சோதனைச்சாவடியில் அதைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் யாருக்கு இத்தனை கடிதம் என்று போலீஸ்காரர் கேட்டாராம். "எனக்கு வந்ததுங்கன்னேன். நம்பலை," என்றார்.

சைபர் கஃபேக்காரரும் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவரை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நியாயமில்லை. இலை போட்டாயிற்று. மனைவி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் பையைத் திறந்து அந்தத் தாள்களை வெளியே எடுத்தார். எங்கள் கடிதங்கள். வரிசையாக அடுக்கி, ஓரத்தில் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"திரும்பி வந்ததும் கட்டாயம் பதில் சொல்றேன்னு எழுதியிருந்தனே," என்றார். "ஒவ்வொண்ணாச் சொல்லிடறேன்."

நானும் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெஷின் கொடுத்த வாக்கு அது. மனிதர் அதை நிறைவேற்ற வந்திருக்கிறார்.

"விடுப்பு கல்யாணத்துக்கில்லைங்க. அதுதான் தெரியுமே." தாளைத் திருப்பினார். "உப்பு நெறையத்தான் சேத்திட்டிருந்தேன். இப்ப இல்லை. நேரத்துக்குச் சாப்பிடறனான்னு கேட்டிருந்தீங்க. ஆஸ்பத்திரில சாப்பிட்டேன், வேற வழி?" மழையைப் பற்றி எழுதியதற்கு, சேலத்தில் அன்று மழை இல்லை என்றார். அரண்மனை விளக்கை ஒருதடவை பார்க்க வேண்டும் என்றார். அண்ணனைப் பற்றிய கடிதம் வந்தபோது மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. என்னைப் பார்த்து, "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கறாருங்க. லாரி வெச்சிருக்கறாரு," என்றார். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மனைவி கரண்டியைப் பிடித்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் பிள்ளைகள் எழுதியதைத் திருத்துகிறவளுக்கு, தான் எழுதியதை ஒருவர் வரிவரியாகத் திருப்பிச் சொல்வது புதிது.

அவர் அடுத்த தாளை எடுத்தார். "கத்திரிக்காய் சாப்பிடுவீங்களான்னு கேட்டிருக்கீங்க. அதைத் தவிர எதுன்னாலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். குனிந்து இலையைப் பார்த்தார். இலை நடுவில் வாங்கி பாத், ஆவி பறக்க, முழுக்க முழுக்கக் கத்திரிக்காயாக. காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்தது.

"ஐயோ, வேணாம், விடுங்க, ரசம் சாதம் போடறேன்," என்று மனைவி இலையை இழுக்கப் போனாள்.

அவர் இலைமேல் கையை வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்மா. நீங்க கேட்டப்பவே நான் பதில் சொல்லியிருக்கணும்," என்று முதல் கவளத்தைப் பிசைந்தார். பிசைந்ததை முழுவதும் சாப்பிட்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம் கேட்டார்.